மகள் நேஷனல் கார்டில் சேரப்போகிறேன் என்கிறாள்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

பாஸ்டன் புறநகர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் 17 வயது மகள், அமெரிக்காவின் பகுதிநேர ராணுவமான நேஷனல் கார்டில் சேர ஒரு படிவத்தை நீட்டுகிறாள். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு, வருடத்துக்கு இரண்டு வாரம், பதிலுக்குக் கல்லூரிக் கட்டணத்தை மாசசூசெட்ஸ் மாநிலமே பார்த்துக்கொள்ளும் என்று ஆள்சேர்ப்பு சார்ஜென்ட் சொல்லியிருக்கிறார். "நம்ம ஊர்க்காவல் படை மாதிரிதானே?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள்.

இல்லை. என்.சி.சி. மாதிரியும் இல்லை. இது நிஜ ராணுவம். வழக்கமான ராணுவ வீரர் போகும் அதே பயிற்சி முகாம், அதே சீருடை, தேவைப்பட்டால் அதே போர்க்களம். இந்தியாவில் ஒப்பிட வேண்டுமானால் டெரிடோரியல் ஆர்மியைச் சொல்லலாம். ஆனால் அதற்கு எஜமான் ஒருவர்தான். நேஷனல் கார்டுக்கு இரண்டு பேர். சேரும் நாளில் உங்கள் மகள் எடுக்கும் உறுதிமொழியிலேயே அது இருக்கிறது: அமெரிக்க அரசியல் சட்டத்தோடு மாநிலத்தின் அரசியல் சட்டத்தையும் காப்பேன், ஜனாதிபதியின் உத்தரவோடு ஆளுநரின் உத்தரவுக்கும் கீழ்ப்படிவேன் என்று சொல்ல வேண்டும். (இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், முதலமைச்சர் போன்ற பதவி.) சம்பளம், ஆபத்து, படிப்புச் சலுகை என்று நீங்கள் கவலைப்படும் ஒவ்வொன்றும் அவளை அந்த நேரத்தில் கூப்பிட்டது இந்த இருவரில் யார் என்பதைப் பொறுத்தே மாறும்.

இந்த இரட்டைத் தலைமை எப்படி வந்தது என்று தெரிந்தால் ஒப்பந்தம் எளிதாகப் புரியும். 1636 டிசம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் மன்றம், ஊர் ஊராக இருந்த ஆயுதக் குழுக்களை மூன்று ரெஜிமெண்டுகளாகத் திரட்ட உத்தரவிட்டது. நாடு முழுவதும் நேஷனல் கார்டு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அந்த ரெஜிமெண்டுகளின் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. 181ஆம் காலாட்படை அவற்றில் ஒன்று. 1775இல், அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படைக்கு எதிரே நின்றதும் இப்படிப்பட்ட ஊர்ப்படைதான். பிறகு எழுதப்பட்ட அரசியல் சட்டம் அதிகாரத்தைப் பங்கு போட்டது: கிளர்ச்சியை அடக்கவும் படையெடுப்பைத் தடுக்கவும் மத்திய அரசு இந்தப் படைகளை அழைக்கலாம், அதிகாரிகளை நியமிப்பதும் பயிற்சி கொடுப்பதும் மாநிலத்தின் உரிமை.

அன்றிலிருந்து நடந்ததெல்லாம் ஆளுநரின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்த கதை. 1812 போரில் மாசசூசெட்ஸ் ஆளுநர் கேலப் ஸ்ட்ராங், படை தர முடியாது என்று ஜனாதிபதியிடமே மறுத்தார். 1827இல் உச்ச நீதிமன்றம், ஆபத்து வந்துவிட்டதா என்று தீர்மானிக்கும் உரிமை ஜனாதிபதிக்கு மட்டுமே என்றது. 1903 சட்டம் மத்திய அரசின் பணத்தையும் ஆயுதத்தையும் கொண்டுவந்தது. 1916 சட்டம் நேஷனல் கார்டு என்ற பெயரை எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கி, ஆண்டுக்கு 48 பயிற்சி அமர்வுகள், 15 நாள் முகாம் என்று வரையறுத்தது. சார்ஜென்ட் சொன்ன "ஒரு சனி ஞாயிறு, இரண்டு வாரம்" இங்கிருந்து வந்ததுதான். 1933 முதல் ஒவ்வொரு உறுப்பினரும் மாநிலப் படையிலும் மத்திய ராணுவத்தின் ரிசர்விலும் ஒரே சமயத்தில் இருக்கிறார். 1980களில் சில ஆளுநர்கள் தங்கள் படையை மத்திய அமெரிக்க நாடுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்ப மறுத்தார்கள். மினசோட்டா ஆளுநர் ரூடி பெர்பிச் வழக்கே போட்டார். 1990இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆகவே, "எங்கள் ஆளுநர் விடமாட்டார்" என்ற நம்பிக்கையில் யாரும் சேரக் கூடாது.

இன்று உத்தரவு மூன்று விதமாக வரும். முதலாவது மாநிலப் பணி: ஆளுநர் அழைப்பார், மாநிலம் சம்பளம் தரும். வெள்ளம், பனிப்புயல் எல்லாம் இதில்தான் வரும். 2021 செப்டம்பரில் பள்ளி வேன்களுக்கு ஓட்டுநர் கிடைக்காதபோது மாசசூசெட்ஸ் ஆளுநர் 250 பேர் வரை அனுமதித்து வேன் ஓட்ட அனுப்பினார். இரண்டாவது, சட்டப் புத்தகத்தில் 32ஆம் தலைப்பு: கட்டளை ஆளுநருடையது, பணம் மத்திய அரசுடையது. மாதாந்தரப் பயிற்சி இந்த வகை. மூன்றாவது 10ஆம் தலைப்பு: ஜனாதிபதியின் கட்டளை. வெளிநாட்டுப் பணி இதில் வரும், உள்நாட்டிலும் வரலாம். 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுக்க அர்கன்சா ஆளுநர் கார்டு படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் அதே படையைத் தன் கட்டளைக்கு மாற்றிக்கொண்டு, அந்த மாணவர்களுக்கே பாதுகாப்பாக நிறுத்தினார். வீரர்கள் மாறவில்லை, உத்தரவு மாறியது. 2025 ஜூனில் கலிபோர்னியா ஆளுநர் எதிர்த்தும் அங்குள்ள படை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பப்பட்டது. எந்த அரசியல் பக்கம் நின்றாலும் இந்த மூன்றாம் வகையை மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். தனக்குப் பிடிக்காத பணிக்கும் அவள் போக வேண்டியிருக்கும்.

ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் வாஷிங்டன் நகரத் தெருவில் காவல் நின்ற மேற்கு வர்ஜீனியா கார்டு படையினர் இருவர் சுடப்பட்டனர், ஒருவர் இறந்தார். அடுத்த மாதம் சிரியாவில் அயோவா கார்டு படையினர் இருவர் கொல்லப்பட்டனர். இவை தினமும் நடப்பவை அல்ல. ஆனால் "உள்ளூரிலேயே இருப்பாள்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

இனி பணம். ஒரு பயிற்சி வார இறுதி நான்கு அமர்வுகளாகக் கணக்கிடப்படும். ஓர் அமர்வுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், ஆக இரண்டு நாள் வேலைக்கு நான்கு நாள் கூலி. நல்ல கணக்குதான், ஆனால் இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஓராண்டில் அனுமதியில்லாமல் ஒன்பது அமர்வுகள் தவறினால் "திருப்தியற்ற உறுப்பினர்" என்று பதிவாகும். மாதம் ஒரு முறைதானே என்று இரண்டு வார இறுதிகளைத் தவறவிட்டால் எட்டு போய்விடும், மிச்சம் ஒன்றுதான். மிட்-டெர்ம், நண்பர் கல்யாணம், காய்ச்சல் என்று கல்லூரி முதல் வருடத்தில் இது சுலபமாக நடக்கும். தவற வேண்டியிருந்தால் முன்கூட்டியே யூனிட்டில் எழுத்தில் கேட்டு வேறு நாளில் ஈடுகட்ட வேண்டும்.

மாசசூசெட்ஸ் தரும் கல்விச் சலுகை உண்மையிலேயே பெரியது. மாநிலத்தின் பொதுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 130 கிரெடிட் (பாட அலகு) வரை டியூஷனும் (பாடக் கட்டணம்) ஃபீஸும் (கல்லூரி வாங்கும் மற்றக் கட்டணங்கள்) தள்ளுபடி. இந்த "ஃபீஸும்" என்ற சொல் முக்கியம். டியூஷனை மட்டும் கொடுத்துவிட்டு ஃபீஸை உங்கள் தலையில் கட்டும் திட்டங்களும் உண்டு. விடுதி, சாப்பாடு இதில் சேராது. தனியார் கல்லூரிகளுக்கும் பொருந்தாது. எம்.ஐ.டி. கனவில் இருக்கும் பெண் இந்தச் சலுகைக்காக மட்டும் சேருவது தப்புக் கணக்கு. பயிற்சிக்கு ஒழுங்காக வராதவருக்குச் சலுகையும் நின்றுவிடும். மத்திய அரசின் மாதாந்தரப் படிப்புத் தொகையும் உண்டு, 36 மாதம் வரை. அதற்கு ஆறு வருட ஒப்பந்தம் வேண்டும். "ஜி.ஐ. பில்" (ராணுவத்தினருக்கான மத்திய அரசின் படிப்பு உதவி) என்று பொதுவாகச் சொன்னால் எந்த ஜி.ஐ. பில் என்று கேளுங்கள். செப்டம்பர் 11க்குப் பிந்தைய பெரிய திட்டத்துக்கு மாதாந்தரப் பயிற்சி நாட்களோ மாநிலப் பணி நாட்களோ கணக்கில் வராது. மேலே சொன்ன பள்ளி வேன் ஓட்டிய நாட்களும் அப்படித்தான்.

ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம். வழக்கமாக ஆறு வருடம் பயிற்சிக்கு வர வேண்டும், மீதி இரண்டு வருடம் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். அப்போதும் நாடு அழைத்தால் போக வேண்டும். வழக்கமான ராணுவத்தில் சேருபவர் முகாமுக்குப் போகும் நாள் வரை காத்திருப்புப் பட்டியலில் இருப்பார், மனம் மாறினால் விலகுவது எளிது. கார்டு படையில் உறுதிமொழி எடுத்த அன்றே உறுப்பினர். முகாமுக்கு முன்பே புதியவர்களுக்கான மாதாந்தரப் பயிற்சி தொடங்கிவிடும். விலக வேண்டுமானால் மேலதிகாரிகள் மனம் வைக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

குடியுரிமை விஷயத்தில் நம் குடும்பங்கள்தான் அதிகம் தடுக்கி விழுகின்றன. குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால்தான் சேரலாம். (தமிழில் எழுதினால் இரண்டுமே "கார்டு"தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவருக்கு வழி இல்லை. 2008 வாக்கில் தொடங்கிய ஒரு திட்டம் அரிய மொழி தெரிந்த விசாக்காரர்களைச் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதிய சேர்க்கை நின்றுபோனது, இன்னும் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வந்தால் நம்பாதீர்கள். கிரீன் கார்டோடு சேரலாம், ஆனால் ரகசிய அனுமதி (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) தேவைப்படும் சைபர், உளவுத்துறை வேலைகளும் அதிகாரி பதவியும் கிடைக்காது. அவளுக்கு 18 ஆகும் முன் உங்களில் ஒருவர் குடியுரிமை பெற்றால், உங்களோடு வசிக்கும் கிரீன் கார்டு மகளும் தானாகவே குடிமகளாகிவிடுவாள். அப்படி ஆகியிருந்தால் முதலில் அவளுக்கு பாஸ்போர்ட் எடுங்கள், பிறகு மெப்ஸுக்கு (மருத்துவத் தேர்வும் ஒப்பந்தமும் நடக்கும் ராணுவச் சேர்க்கை மையம்) அனுப்புங்கள்.

ரகசிய அனுமதிப் படிவத்தில் வெளிநாட்டு உறவினர், வெளிநாட்டுச் சொத்து எல்லாம் கேட்பார்கள். ஊரில் பாட்டி பேத்தி பெயரில் எழுதிவைத்த மனை, விடுமுறையில் திறந்த கூட்டு வங்கிக் கணக்கு இரண்டையும் எழுத வேண்டும். சொத்து இருப்பது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது, மறைத்தால் ஆகும்.

இன்னொன்று, ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை). வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓ.சி.ஐ. கிடையாது என்பது இந்திய அரசின் விதி. பகுதிநேரக் கார்டு பணிக்கும், ஏற்கெனவே ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கும் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாத்தாவைப் பார்க்க அவசரமாகப் போக வேண்டிய நாளில் இது தெரியவருவது நல்லதல்ல.

மருத்துவத் தேர்வில் பலர் கோட்டைவிடுவது ஆஸ்துமாவில். 13 வயதுக்குப் பிறகும் வீசிங் இருந்திருந்தால், இன்ஹேலர் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், சிறப்பு விலக்கு வாங்க வேண்டும். கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) சாப்பிட்ட மாத்திரை, கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமை ஆகியவையும் அப்படியே. "சொல்லாமல் விட்டுவிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போது மருந்துக்கடை, மருத்துவமனைப் பதிவுகள் கணினி வழியே நேராக அவர்கள் திரைக்கு வந்துவிடுகின்றன.

நுழைவுத் தேர்வின் பெயர் ஆஸ்வாப். நேஷனல் கார்டின் தரைப்படைப் பிரிவான ஆர்மி கார்டில் சேர 31 மதிப்பெண் போதும், ஆனால் 31 எடுத்தால் நல்ல வேலை கிடைக்காது. வேலையை அங்கே எம்.ஓ.எஸ். என்பார்கள். அது தேர்வின் பகுதி மதிப்பெண்களையும், வீட்டுக்கு எட்டும் தூரத்து யூனிட்டில் காலியிடம் இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. சைபர் ஆசையில் போன பிள்ளைக்கு, அன்று காலியாக இருந்த லாரி ஓட்டும் வேலையைத் தள்ளிவிடுவது இப்படித்தான்.

பள்ளியில் இருக்கும்போதே சேருபவருக்கு இரண்டு கோடைகளாகப் பிரித்த பயிற்சி உண்டு: பதினோராம் வகுப்பு முடிந்ததும் பத்து வார அடிப்படைப் பயிற்சி, பள்ளி முடிந்ததும் வேலைப் பயிற்சி. மாசசூசெட்ஸில் இது இறுக்கிப் பிடிக்கும். பள்ளி 180 நாள் நடந்தாக வேண்டும், பனிக்கு விட்ட லீவெல்லாம் ஜூன் கடைசியில் ஈடுகட்டப்படும். அதற்கு மேல் பத்து வாரம், முகாமில் வரவேற்பு நாட்கள் வேறு. கணக்குப் போட்டால் பள்ளி திறந்துவிட்டிருக்கும். முன்னதாக விடுவிக்க முடியுமா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைப் பயிற்சியும் ஒரே நீளம் இல்லை. மருத்துவ உதவியாளருக்கு சான் அன்டோனியோவில் 16 வாரம், சில வேலைகளுக்கு ஒரு வருடத்தை ஒட்டி இழுக்கும். அப்படியானால் கல்லூரிச் சேர்க்கையை ஒத்திவைக்கும் கடிதம் முன்பே வாங்க வேண்டும். படிப்பின் நடுவே பணிக்கு அழைத்தால், திரும்பி வரும்போது விட்ட இடத்தில் கல்லூரி மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சட்டம் இருக்கிறது.

இராணுவ அதிகாரி ஆகும் ஆசை இருந்தால், கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி.யோடு (மாணவர்களை ராணுவ அதிகாரிகளாகத் தயார்செய்யும் பயிற்சி) கார்டையும் சேர்த்துச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அதில் இருக்கும் வரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மாட்டார்கள். பயந்த பெற்றோருக்கு நான் முதலில் காட்டும் கதவு இதுதான்.

உங்கள் கையெழுத்து அவளை மெப்ஸ் மையத்தின் வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே ஒப்பந்த மேசையில் அவள் தனியாகத்தான் உட்காருவாள். வேலையின் எண், யூனிட் இருக்கும் ஊர், வருடக் கணக்கு, போனஸ் இருந்தால் அதற்கான தனி இணைப்புத் தாள் ஆகிய நான்கும் காகிதத்தில் இருக்கிறதா என்று அவளே படித்துப் பார்க்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தம் ஆகாது. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் கையெழுத்துப் போடாமல், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று எழுந்து வரலாம். அதற்குத் தண்டனை கிடையாது. அழைத்துவந்த சார்ஜென்ட் முகம் சுளிக்கலாம், அவ்வளவுதான். போகும் முன் இதை அவளிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்புங்கள்.