போபோல் வூவின் ‘அகிரே’ முழுவதும் திரைப்பட இசைதானா?

இல்லை. இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் ‘அகிரே’ படம் 1972இல் வந்தது. ஜெர்மனியின் போபோல் வூ குழு இந்த இசைத்தொகுப்பை வெளியிட்டது 1975இல். ‘அகிரே’ என்று தலைப்பிட்ட இரண்டு பகுதிகளே படத்தோடு நேரடியாகப் பிணைந்தவை.

ஆனால் அந்த இரண்டே போதும். படத்தின் தொடக்கத்தில், பெருவின் மலைச்சரிவில், மூடுபனிக்குள் ஸ்பானியப் படை எறும்புச்சாரை போல இறங்குகிறது. அப்போது ஒலிப்பது பாடகர் குழுவா, இசைக்கருவியா என்று பிரித்தறிய முடியாது. மனிதக் குரல்கள் பதிந்த ஒலிநாடாக்களை விசைப்பலகையால் இயக்கும் கருவி அது; வாசித்தவர் குழுவின் நிறுவனர் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே. குரல்தான், ஆனால் மூச்சு வாங்குவதே இல்லை! என் காதுக்கு, அந்த மூச்சற்ற நீட்சியே அச்சத்தையும் பக்தியையும் ஒருசேர எழுப்புகிறது. படம் பார்க்காதவர்களும் முதல் பகுதியை இரவில் விளக்கணைத்துக் கேளுங்கள்.