எம்ஜி-63 மட்டும் போதுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி கேட்கிறார்: "எலும்புப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவுவது பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். லேபில் எம்ஜி-63 என்ற எலும்புப் புற்றுநோய்ச் செல்கள்தான் இருக்கின்றன. அதில் ஸ்க்ராட்ச் டெஸ்ட் செய்தாலே போதும் என்கிறார் கைடு. போதுமா?"

மருந்து செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க எம்ஜி-63 போதும். பரவலுக்குப் போதாது. 14 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து வந்த இந்தச் செல்கள் எலிக்குள் செலுத்தினாலும் லேசில் கட்டியாவதில்லை. பரவாத செல்லை வைத்துக்கொண்டு பரவலைத் தடுத்தேன் என்று எழுதினால், வைவாவில் அங்கேயே பிடித்துவிடுவார்கள்.

அதிகம் பரவாத ஒரு செல், அதிலிருந்தே உருவான பரவும் செல் என்று ஜோடியாக எடுங்கள். 13 வயதுச் சிறுமியின் கட்டியிலிருந்து வந்தது ஹெச்ஓஎஸ். அதில் கி-ராஸ் என்ற புற்றுநோய் ஜீனை ஏற்றி உருவாக்கியது 143பி. எலியில் நுரையீரல் வரை போய்விடும். ஆனால் நோயாளிகளின் எலும்புக் கட்டிகளில் ராஸ் மாற்றம் அபூர்வம். அதனால் என் மனதுக்கு நெருக்கமானது சாவோஸ்-2, எல்எம்7 ஜோடிதான். சாவோஸ்-2 என்ற இன்னொரு எலும்புப் புற்றுநோய்ச் செல்களை எலிக்குள் செலுத்தி, நுரையீரலில் முளைத்ததை எடுத்து வளர்த்து, மறுபடி இன்னொரு எலிக்குள் செலுத்தி, இப்படியே சுற்றிச் சுற்றிப் பொறுக்கியெடுத்தது எல்எம்7. வெளியிலிருந்து எந்த ஜீனையும் திணிக்கவில்லை.

சரி, ஸ்க்ராட்ச். 200 மைக்ரோலிட்டர் டிப்பால் செல் பரப்பில் ஒரு கோடு கீறுகிறீர்கள். மறுநாள் கோடு மூடியிருக்கிறது. செல்கள் நகர்ந்து மூடினவா, பெருகி மூடினவா? செல்களைப் பெருகவைக்கும் சீரத்தை 10 சதவீதம் ஊற்றியிருந்தால் உங்களால் சொல்லவே முடியாது. சீரத்தைக் குறையுங்கள், அல்லது மைட்டோமைசின் மருந்து கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுக் கீறுங்கள். அப்போதும் தெரிவது நகர்வு மட்டுமே. காசிமேட்டில் படகைக் கரையிலேயே பத்தடி தள்ளிவைப்பதற்கும், அது கடல் தாண்டி வேறு துறைமுகத்தில் ஒதுங்குவதற்கும் உள்ள தூரம் இது. மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் பூசிய டிரான்ஸ்வெல்லில், அதாவது அடியில் நுண்துளைச் சவ்வு உள்ள கிண்ணத்தில், செல்கள் ஜெல்லைக் கரைத்துத் துளை வழியே இறங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம், 143பியும் ஹெச்ஓஎஸ்ஸும் ஒரே சிறுமியின் செல்கள் என்பதால் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. லேபிளை மட்டும் நம்பாதீர்கள். ராஸ் ஜீனை சீக்வென்ஸ் செய்துவிடுங்கள். செல்களில் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான டெஸ்ட்டை முதல் வாரமே முடியுங்கள்.

ஜோடி கிடைக்கவே இல்லையென்றால் தலைப்பில் 'பரவல்' என்பதை எடுத்துவிட்டு 'செல் நகர்வு' என்று போடுங்கள். கைடிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.