டிஎன்பிஎஸ்சி குரூப் 4: தமிழும் கணக்கும் வருகிறது, பொது அறிவு மட்டும் 75க்கு 40ஐத் தாண்ட மறுக்கிறது. எப்படிப் படிப்பது?

நாற்பதில் வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் படிக்காதவர்கள் இல்லை. படித்த இரண்டு செய்திகள் தேர்வு அறையில் ஒன்றோடொன்று கலந்துபோவதுதான் அவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நான்கு விடைகளில் இரண்டைச் சரியாகத் தள்ளிவிடுவார்கள், மீதி இரண்டில் தடுமாறுவார்கள். அதனால் புதிதாக ஒரு கைடு வாங்குவதை விட, ஏற்கெனவே படித்ததைப் பிரித்துப் படிப்பதில்தான் உங்களுக்கு அடுத்த பதினைந்து கேள்விகள் இருக்கின்றன.

முதலில் நேரத்தை எங்கே செலவிடுகிறீர்கள் என்று பாருங்கள். தற்போதைய பாடத்திட்டத்தில் எந்த அலகுக்கு எத்தனை கேள்வி என்று தேர்வாணையமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கம் 10, இந்திய ஆட்சியியல் 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழக வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. ஆக மொத்தம் 75 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை வீதம் 112.5 மதிப்பெண். கடைசி மூன்று அலகுகளில் மட்டும் 55 கேள்விகள். ஆனாலும் பலர் ஆறாம் வகுப்பு அறிவியலில் தொடங்கி வேதியியலிலேயே ஒரு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஐந்து கேள்விக்கு ஒரு மாதம் கொடுப்பது அநியாயம். ஆட்சியியலில் தொடங்குங்கள். அதன் எல்லை குறுகியது, விடையில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அதை முடித்ததும் தமிழக வரலாறு, பிறகு பொருளாதாரம். அறிவியலும் புவியியலும் நடுநடுவே மாற்றத்துக்குப் படிக்க வேண்டியவை.

இந்த ஆறில் நடப்பு நிகழ்வு தனி அலகாக இல்லை என்பதையும் கவனியுங்கள். புதிய திட்டம் வந்தால் வளர்ச்சி நிர்வாகக் குறிப்போடும், புதிய சட்டத்திருத்தம் வந்தால் ஆட்சியியல் குறிப்போடும் அன்றே சேர்த்துவிடுங்கள். மாத இதழ்களை அடுக்கி வைத்துக் கடைசி மாதம் புரட்டுவது வீண் வேலை.

அடிப்படை நூல் ஆறு முதல் பத்து வரையுள்ள அரசுப் பாடநூல்கள்தான். தமிழக இயக்கங்களுக்கும் ஆட்சியியலுக்கும் மட்டும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நூல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் ஓரத்தில் பெட்டி போட்டு அச்சிட்டிருக்கும் சிறு தகவல்களைத் தாண்டிப் போகாதீர்கள். கைடுகள் பாடத்தைச் சுருக்கும்போது முதலில் விடுபடுவது அவைதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் செய்தியையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அதோடு குழம்பக்கூடிய இன்னொன்றைப் பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். வினா அமைப்பவர் தவறான விடைகளை வானத்திலிருந்து எடுப்பதில்லை, அதே பாடத்தின் பக்கத்து வரியிலிருந்துதான் எடுக்கிறார்.

ஆட்சியியலில் 73ஆவது திருத்தம் என்றால் ஊராட்சிகள், 11ஆவது அட்டவணை, 29 இனங்கள். பக்கத்திலேயே 74ஆவது திருத்தம்: நகராட்சிகள், 12ஆவது அட்டவணை, 18 இனங்கள். முன்னது 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது, பின்னது அதே ஆண்டு ஜூன் 1இல். அடிப்படைக் கடமைகளை 42ஆவது திருத்தம் 1976இல் கொண்டுவந்தது என்று எல்லோரும் படிக்கிறார்கள். அப்போது வந்தவை பத்துதான். பதினொன்றாவது கடமை 2002இல் 86ஆவது திருத்தத்தின் வழியாக வந்தது, கல்வி உரிமைக்கான 21ஏ பிரிவைக் கொடுத்ததும் அதே திருத்தம். நீதிப்பேராணை (ரிட்) என்றால் உச்ச நீதிமன்றத்துக்குப் பிரிவு 32, உயர் நீதிமன்றத்துக்கு 226.

தமிழக வரலாற்றில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறு. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். இந்தத் திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில் உள்ளது, வேலூரை ஒட்டிய மாவட்டத் தலைநகர் இல்லை. இரண்டுமே அக்டோபர் என்பதால் தேதி மாறிப்போகும். உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி சபர்மதியிலிருந்து புறப்பட்டது 1930 மார்ச் 12, தண்டியில் உப்பு எடுத்தது ஏப்ரல் 6. ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டது ஏப்ரல் 13, வேதாரண்யத்தில் உப்பு எடுத்தது ஏப்ரல் 30. இயக்கங்களை வரிசையாகவே சொல்லிப் பழகுங்கள்: 1916 தென்னிந்திய நல உரிமைச் சங்கம் (நீதிக்கட்சி), 1925 சுயமரியாதை இயக்கம், 1944 சேலத்தில் திராவிடர் கழகம், 1949 திமுக. காலவரிசைக் கேள்விக்கு முழுத் தேதி தேவையில்லை, எது முன்னால் எது பின்னால் என்பது தெரிந்தாலே போதும்.

வளர்ச்சி நிர்வாகத்துக்கு ஒரு அட்டவணை போடுங்கள்: திட்டம், தொடங்கிய ஆண்டு, யாருக்கு, எவ்வளவு. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15. நாள் ஒன்று, ஆண்டு வேறு. இடஒதுக்கீட்டைக் கூட்டிப் பார்த்தே படியுங்கள்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் இனத்தவர் 18, பழங்குடியினர் 1, மொத்தம் 69 விழுக்காடு. அருந்ததியரின் 3 விழுக்காடு அந்த 18க்குள் அடங்கியது. அதைத் தனியாகக் கூட்டி 72 என்று போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறதே என்ற குழப்பமும் உங்களுக்கு இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதலில் தற்காலிகப் புள்ளிவிவரம் வந்தது, பிறகு இறுதிப் புள்ளிவிவரம். தமிழகத்தின் எழுத்தறிவு முதலில் 80.33 விழுக்காடு, இறுதியில் 80.09. பாலின விகிதம் முதலில் 995, இறுதியில் 996. பழைய கைடுகளில் முதல் எண்களே இன்னும் இருக்கின்றன. குறிப்பில் இறுதி எண்ணை மட்டும் வையுங்கள். விடைகளில் இரண்டும் வந்தால் திகைக்காமல் இருக்க, தற்காலிக எண்ணைப் பென்சிலில் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

குறிப்பு எழுதும் முறையையும் மாற்றிப் பாருங்கள். பாடத்தை அப்படியே நோட்டில் எழுதினால் கைதான் வலிக்கும். பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை என்று எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு 20 முதல் 30 கேள்விகள் போதும். மறுநாள் வலப்பக்கத்தை மறைத்துச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாதவற்றுக்கு மட்டும் புள்ளி வையுங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் புள்ளி வைத்தவற்றை மட்டும் திருப்புங்கள். திருப்புதல் இல்லாமல் புதுப் பாடம் தொடங்கும் நாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இருந்தால் முதல் 40 நிமிடம் பழையதுக்கு.

பழைய வினாத்தாள்களைக் கடைசியில் மாதிரித் தேர்வாக எழுத வேண்டும் என்று பூட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்றைத் தேர்வுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைப் பாடவாரியாக வெட்டி, ஒரு பாடம் முடிந்த அன்றே அதன் கேள்விகளைப் போடுங்கள். தவறானவற்றின் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: படிக்கவே இல்லை, மறந்துவிட்டது, இரண்டை மாற்றிவிட்டேன், கேள்வியைத் தவறாகப் படித்தேன். நாற்பதில் நிற்பவருக்குப் பெரும்பாலும் பின்னிரண்டுதான் நிறைய விழும். அவற்றுக்கு மருந்து கூடுதல் படிப்பு இல்லை.

கேள்வியைத் தவறாகப் படிப்பது அதிகம் நடப்பது கூற்று காரண வகையில். உதாரணம்: கூற்று, சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லை. காரணம், 42ஆவது திருத்தம் அதை நீக்கியது. அவசரத்தில் இரண்டும் சரி என்று தோன்றும். கூற்று சரி, காரணம் தவறு. நீக்கியது 1978இன் 44ஆவது திருத்தம், இப்போது அது 300ஏ பிரிவில் சட்ட உரிமையாக இருக்கிறது. காரணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூற்றை மட்டும் தீர்மானியுங்கள். பிறகு கூற்றை மறைத்துக் காரணத்தைப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டுமே நடுவில் 'ஏனெனில்' போட்டுப் படிக்க வேண்டும். 'தவறானதைத் தேர்ந்தெடு' என்று வந்தால் அந்தச் சொல்லை வட்டமிட்ட பிறகே விடைகளைப் பாருங்கள்.

மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள். தமிழுக்கு 50 நிமிடம், பொது அறிவுக்கு 50, கணக்கு வரும் திறனறிவுக்கு 40 என்று பிரித்தால் 40 நிமிடம் மிஞ்சும். வட்டம் நிரப்புவதற்கும் சந்தேகக் கேள்விகளுக்குத் திரும்புவதற்கும் அது வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் கழிப்பார்கள். 'விடை தெரியவில்லை' என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் கழிவு இல்லை, கிடைப்பதும் இல்லை. இரண்டு விடைகளைத் தள்ள முடிந்த கேள்வியில் அந்த ஐந்தாவது வட்டத்தைத் தொடவே தொடாதீர்கள், மீதி இரண்டில் ஒன்றை நிரப்புங்கள்.