பிள்ளை அமெரிக்கக் குடிமகன், பெற்றோருக்கு என்ன வழி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மகள் 2019-இல் டெக்சாஸில் பிறந்தாள். கணவரின் எச்-1பி (தற்காலிக வேலை விசா) வேலை முடிந்து 2022-இல் ஊர் திரும்பிவிட்டோம். மகளின் அமெரிக்க பாஸ்போர்ட்டைக் காட்டி எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு வாங்கலாம், இப்போதே பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறார் ஓர் ஏஜென்ட். உண்மையா?
- வாசகி, திருச்சி

பதில்: வாங்கலாம், 2040-இல். பெற்றோருக்காக மனுப் போடப் பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு பதிவு செய்து வைக்க எந்தப் படிவமும் கிடையாது. எந்தப் படிவம், அதன் எண் என்ன என்று அந்த ஏஜென்டிடம் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

21 நிறைந்ததும் மகள் ஐ-130 படிவம் போடுவாள். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675 டாலர். குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீடு இல்லாததால், இந்தியர்களை வாட்டும் அந்த நீண்ட வரிசையும் இல்லை. தாய்க்கு மகளின் பிறப்புச் சான்றிதழ் போதும். தந்தைக்கு அதோடு பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதை இப்போதே முடித்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழிலும் கவனம் தேவை. பிஞ்சுப் பாதத்தின் மை பதித்து மருத்துவமனை தருவது வெறும் நினைவுப் பொருள். மாநிலப் பதிவு அலுவலகம் தருவதுதான் செல்லும்; அதிலும் பெற்றோர் பெயர் இருக்கும் முழு வடிவம் வேண்டும். நம்மவர்களுக்கு இனிஷியலால் வரும் தொல்லை தனி. விசாவில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று அப்பா பெயர் மூன்றாகக் கிடக்கும். மருத்துவமனை ஆவணங்கள் கைவசம் இருக்கும்போதே பிறந்த மாநிலத்தில் திருத்தம் கேட்டுவிடுவது நல்லது.

பலரும் கோட்டை விடுவது ஐ-864 எனும் பொருளாதாரப் பொறுப்புப் படிவத்தில். வறுமைக் கோட்டின் 125 சதவீதம் வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் மூவருக்கு ஆண்டுக்கு 33,312 டாலர். மகளுக்கு அந்த வருமானம் இல்லையென்றால் அங்கே வசிக்கும் வேறொரு குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இணைப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம். ஆனால் மகளின் நிரந்தர வசிப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இணைப் பொறுப்பாளரால் ஈடுகட்ட முடியாது. திருச்சியிலேயே வளர்ந்து திருச்சியிலேயே வேலை பார்ப்பவள், அங்கே குடியேறப் போவதை வாடகை ஒப்பந்தம், வேலை உத்தரவு, வங்கிக் கணக்கு போன்றவற்றால் நிரூபிக்க வேண்டும். நீங்கள் போகும் நாளிலோ அதற்கு முன்போ அவளும் அங்கே குடியேறியாக வேண்டும்.

இன்னொன்று. இந்தியாவில் பிறந்த தம்பி தங்கை இருந்தால், உங்கள் மனுவோடு அவர்கள் ஒட்டிக்கொண்டு வர முடியாது. நீங்கள் கிரீன் கார்டு வாங்கியபின் அவர்களுக்காகத் தனி மனுப் போட வேண்டும். அக்காவே நேரடியாகப் போட்டால் அது உடன்பிறப்புப் பிரிவு. இந்தியர்களுக்கு அதில் ஏறத்தாழ 20 வருடக் காத்திருப்பு.

கேள்வி: என் தம்பி மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்கா போனவன். 11 வருடமாக அங்கேயே இருக்கிறான். பெரிய பிள்ளைக்கு 9 வயது, சின்னவளுக்கு 6; இருவரும் அங்கே பிறந்தவர்கள். பெரியவனுக்கு 21 ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருக்கிறான்.
- வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: அவர் எப்படி உள்ளே போனார் என்பதில்தான் சிக்கல். விசாவோடு விமான நிலையத்தில் முத்திரை வாங்கி நுழைந்து, பிறகு காலம் கடந்து தங்கியவருக்குப் பிள்ளை 21-இல் மனுப் போட்டால், அங்கிருந்தபடியே ஐ-485 போட்டு கிரீன் கார்டு கேட்கலாம். பெற்றோர் என்ற உறவுக்காகக் கூடுதல் தங்கல் மன்னிக்கப்படும். எல்லை தாண்டி நுழைந்தவருக்கு, பொதுவாக, அந்த வாசல் இல்லை. தாய்நாட்டுக்கு வந்து தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். ஆனால் வெளியே கால் வைத்ததும் தடை விழும்: 180 நாளுக்கு மேல் ஒரு வருடத்துக்குள் சட்டவிரோதமாகத் தங்கியிருந்தால் 3 வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம்.

அந்தத் தடைக்கு ஐ-601ஏ என்ற விலக்கு மனு உண்டு. அவர் வர முடியாவிட்டால் குடும்பத்தார் கடும் துன்பப்படுவார்கள் என்று காட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தார் யார் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன கணவன், மனைவி, தாய், தந்தை மட்டுமே. பிள்ளை படும் துன்பம் நேரடிக் கணக்கில் வராது.

பிள்ளையின் துன்பம் எண்ணப்படும் இடம் குடியேற்ற நீதிமன்றம். நாடுகடத்தலை ரத்து செய்யக் கோரும் 42பி மனுவில், 10 வருடத் தொடர் வசிப்பு, நன்னடத்தை, குறிப்பிட்ட குற்றத் தீர்ப்புகள் இல்லாமை ஆகியவற்றோடு, குடிமகனான பிள்ளைக்கு வழக்கத்துக்கு மிக மிக மாறான கடுந்துன்பம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பள்ளி சுமார், சம்பளம் குறையும் என்பதெல்லாம் அந்த அளவுக்கு எட்டாது. தீவிர நோய், சிறப்புக் கல்வித் தேவை போன்றவை எடுபடும். அதற்கும் மருத்துவர் குறிப்பு, பள்ளி ஆவணம், அந்தச் சிகிச்சை ஊரில் கிடைக்காது என்பதற்கான சான்று எல்லாம் வேண்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 4,000 பேருக்குத்தான் ஒதுக்கீடு. ஒரே பயணமாக 90 நாளுக்கு மேலோ, மொத்தம் 180 நாளுக்கு மேலோ வெளிநாட்டில் இருந்திருந்தால் தொடர் வசிப்பு அறுந்துவிடும். மனுப் போட 21-க்கு மேல் இருக்க வேண்டிய அதே பிள்ளை, இந்த வழக்கின் தீர்ப்பு நாளில் 21-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இந்த மனுவை நாமாகப் போய்ப் போட முடியாது. நாடுகடத்தல் வழக்கு தொடங்கிய பிறகு, நீதிபதி முன்புதான். "பத்து வருட கிரீன் கார்டு" என்று சொல்லி, பொய்யான தஞ்ச மனு ஒன்றைப் போட்டு வலிய வழக்கில் மாட்டிவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். தோற்றால் கையில் நாடுகடத்தல் உத்தரவுதான் மிஞ்சும்.

கசப்பான கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 10 வருடத் தடை வெளியேறிய நாளிலிருந்து ஓடும். பையனுக்கு 9 வயதில் தம்பி தானாக ஊர் திரும்பினால், அவனுக்கு 21 ஆகும்போது தடை முடிந்து 2 வருடம் ஆகியிருக்கும். விலக்கு மனு இல்லாமலே தூதரகத்தில் நிற்கலாம். இடையில் மறுபடி எல்லை தாண்டினால் நிரந்தரத் தடை. அதற்கு அனுமதி கேட்கவே 10 வருடம் வெளியே இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முன், அவர் பெயரில் பழைய உத்தரவு ஏதும் இருக்கிறதா என்று அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரிடம் பார்க்கச் சொல்லுங்கள். விசாரணைக்குப் போகாமல் விட்டவர்கள் மீது அவர்களுக்கே தெரியாமல் உத்தரவு கிடப்பதுண்டு. அப்படியிருந்தால் இந்தக் கணக்கே மாறும்.

கேள்வி: டல்லாஸில் எச்-1பி வேலை போய்விட்டது. இரு பிள்ளைகளும் குடிமக்கள். அதற்காகக் கூடுதல் அவகாசம் தருவார்களா?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: தரமாட்டார்கள். அதிகபட்சம் 60 நாள். ஐ-94 (எந்த நாள்வரை தங்கலாம் எனும் நுழைவுப் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அந்த நாள்வரை. எண்ணிக்கை வேலையின் கடைசி நாளுக்கு மறுநாள் தொடங்கும். பிரிவுத் தொகை எத்தனை மாதத்துக்குத் தந்தாலும் அது நீளாது. அதற்குள் புது நிறுவனம் எச்-1பி மனுப் போட வேண்டும். அல்லது மனைவி எச்-1பியில் இருந்தால் நீங்கள் அவரைச் சார்ந்தவருக்கான எச்-4க்கு மாறலாம். அல்லது ஐ-539 படிவம் வழியாக பி-2 எனும் சுற்றுலாப் பயணி நிலை கேட்கலாம், அதில் வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருந்தால், ஊர் திரும்பினாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி பொதுவாக உங்களுடையதே. ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்கான புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அறிவிப்பு வந்ததால், நாட்டுக்குள் இருக்கும்போதே நிறுவனம் மாறுவதற்கு மதிப்பு கூடிவிட்டது.

கேள்வி: சுற்றுலா விசாவில் போயிருந்தபோது பையன் பிறந்தான். புதுப்பிக்கும்போது மறுப்பார்களா?
- வாசகி, கோவை

பதில்: மறுக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்கித் தருவதே பயணத்தின் முதன்மை நோக்கம் என்றால் பி விசா தரக்கூடாது என்ற விதி 2020 ஜனவரி 24 முதல் நடப்பில் இருக்கிறது. பிரசவச் செலவை யார் கொடுத்தது என்ற கேள்வி வரும். மருத்துவமனை பில், பணம் கட்டிய ரசீது, காப்பீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அரசு மருத்துவ உதவியில் கட்டப்பட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். நோக்கத்தை மறைத்துப் பொய் சொன்னதாக முடிவு செய்தால் வாழ்நாள் தடை. நாளை பையன் போடும் ஐ-130-ஐயும் அது மறிக்கும். விசா மறுப்பு அப்படியல்ல, மறுபடி விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: 5 வயது மகனின் அமெரிக்க பாஸ்போர்ட் முடியப் போகிறது. கணவர் சிங்கப்பூரில். புதுப்பிக்க சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு பெற்றோரில் நான் மட்டும் போனால் போதுமா? பேசாமல் இந்திய பாஸ்போர்ட் எடுத்துவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடுக்காதீர்கள். இந்தியாவில் இரட்டை பாஸ்போர்ட் செல்லாது. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைதான் முறை. 16 வயதுக்குக் கீழே டிஎஸ்-11 படிவம், கட்டணம் 135 டாலர், பிள்ளை நேரில் வர வேண்டும். வராத கணவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் இரு பக்க நகலோடு அனுப்பட்டும். அந்தக் கையெழுத்துக்கு ஆயுள் 3 மாதம்தான். சந்திப்பு நாள் கிடைத்தபின் வாங்குங்கள். புது பாஸ்போர்ட் 5 வருடம் செல்லும். வந்ததும் அதன் விவரத்தையும் புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள்.