பக்கவாட்டில் அடி வாங்கினால் ஸ்டெட்ஃபாஸ்ட் போய்விடுமா? – பதில்

பக்கவாட்டில் அடி வாங்கி உங்கள் ஈட்டிப்படை ஓடியது சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். அது அவ்வளவு சுலபமாக ஓடியிருக்க வேண்டியதே இல்லை நண்பரே. வார்ஹாமர் ஃபேன்டஸி (மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு) 8ஆம் பதிப்பில்தானே ஆடினீர்கள்? உங்களிடம் எம்பயர் என்ற மனிதப் படையின் 40 ஈட்டிவீரர்கள், 5 பேர் அகலம்; பக்கவாட்டில் ஒரே வரிசையாக 5 குதிரைவீரர்கள்; உங்களில் 6 பேர் இறந்து 4 புள்ளியில் தோல்வி. எதிராளி ரேங்க் போனஸையும் (பின்வரிசைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி) ஸ்டெட்ஃபாஸ்டையும் (எதிரியைவிட வரிசைகள் அதிகமிருந்தால் தோற்றாலும் உறுதியாக நிற்க உதவும் விதி) சேர்த்தே பறித்துவிட்டார்.

இரண்டுமே தப்பு. பக்கவாட்டிலிருந்து ரேங்க் போனஸைக் கெடுக்க, தாக்கும் படைக்குத் தலா 5 பேராவது கொண்ட 2 வரிசைகள் வேண்டும். அது இல்லாததால் உங்கள் +3 அப்படியே நிற்கிறது, தோல்வி வெறும் 1 புள்ளிதான்.

சரி, 10 குதிரைகள் வந்திருந்தால்? போனஸ் மட்டும் போகும். ஸ்டெட்ஃபாஸ்டுக்கு வரிசைகளைத்தான் எண்ண வேண்டும், அதுவும் இறந்தவர்களை எடுத்த பிறகு. மிச்சம் 34 பேர், 6 முழு வரிசைகள். எதிரியைவிட அதிகம் என்பதால் லீடர்ஷிப் (படையின் மன உறுதி எண்) 7இல் எதுவும் கழிக்காமல் பிரேக் டெஸ்ட் போடலாம்; அதாவது இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் படை ஓடாமல் நிற்கும். நிற்பதற்கு 36இல் 21 வாய்ப்பு. 4 புள்ளித் தோல்வியைக் கழித்து உங்களை 3இல் போட வைத்ததில் வாய்ப்பு 36இல் 3தான், பெரிய அநியாயம்.

உங்கள் எதிராளி 7ஆம் பதிப்பு விதியை நினைத்திருப்பார். அதில் அந்த 5 குதிரைகளே ரேங்க் போனஸை நீக்கப் போதும், ஸ்டெட்ஃபாஸ்டும் கிடையாது. அப்புறம், படையின் பெரும்பகுதி காட்டுக்குள் நின்றால் ஸ்டெட்ஃபாஸ்ட் கிடைக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.