தம்பியின் கோபமும் தூங்காத இரவுகளும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். சுருண்டு படுத்துக் கிடந்தவன் இரண்டு வாரமாக ஆளே மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் கத்துகிறான். போன திங்கட்கிழமை செல்போனைச் சுவரில் அடித்து உடைத்தான். தடுக்கப் போன அம்மாவைத் தள்ளிவிட்டான். "எல்லாம் திமிர்" என்கிறார் அப்பா. இது நோயா, திமிரா? நாங்கள் என்ன செய்வது? (வாசகி, பெரம்பூர்)

பதில்: அம்மாவுக்கு அடி ஏதும் படவில்லை என்று நம்புகிறேன். நான் முதலில் கேட்கும் விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. தம்பி இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்?

மனச்சோர்வு என்றால் அழுகையும் முடங்கிக் கிடப்பதும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். எரிச்சலும் அதில் உண்டு. மிக்ஸி சத்தம்கூடப் பொறுக்காது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் இப்படிப் பண்ணினேன்" என்று அவரே அழுவார். இரவெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் அடித்துப் போட்டாற்போல் கிடப்பார்.

மனச்சோர்வும் அளவு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்க்கு பைபோலார், அதாவது இருதுருவக் கோளாறு, என்று பெயர். அதன் எழுச்சிக் கட்டம் வேறு மாதிரி. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, விடியுமுன் எழுந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பார். களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது. கடன் வாங்கித் தொழில் தொடங்கப் போகிறேன் என்பார். "இப்ப வேண்டாம்ப்பா" என்று யாராவது குறுக்கே நின்றால் அங்கேதான் வெடிக்கும். ஒரு வாரம் இப்படியே போனால் அது மேனியா என்னும் தீவிர எழுச்சி நிலையா என்று பார்ப்போம். இரண்டும் கலந்தும் வரலாம்: உடம்பில் வேகம், மனதில் இருட்டு. எனக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கலப்பு நிலைதான். தற்கொலை எண்ணம் இருந்தால், அதைச் செய்துவிடும் வேகமும் அப்போது சேர்ந்துகொள்ளும்.

பலருக்கு பைபோலார் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள். தம்பி வர மறுத்தால் நீங்களாவது போய் நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கவும் வேண்டாம். ஒரு நாள் தெரிந்துவிட்டால் அப்புறம் அம்மா கையால் சாப்பிடவே மாட்டார்.

என்னிடம் வந்த ஒரு தாய், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து எடுத்து வந்திருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மகன் படுத்த நேரம், எழுந்த நேரம், சண்டை நடந்ததா என்று பென்சிலில் எழுதியிருந்தார். ஆறு மணி, ஐந்து, மூன்றரை, மூன்று. சண்டைகள் எல்லாம் கடைசி நாலைந்து தாள்களில் இருந்தன. அரை மணி நேரம் பேசியும் கிடைக்காத தகவல் அதில் கிடைத்தது. நீங்களும் இன்றிரவே தொடங்குங்கள்.

மனநிலையைச் சீராக்க லித்தியம் கொடுத்தால் பயப்பட வேண்டாம், 1949 முதல் கைகண்ட மருந்து. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் அளவு ஏறிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாலும் ஏறும். வாந்தி, கடுமையான கைநடுக்கம், நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோபம் ஏறும் நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. டிவியை அணைத்துவிட்டு, யாராவது ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுங்கள். கையைப் பிடிக்காதீர்கள், வாசலை மறிக்காதீர்கள். அரிவாள்மனை கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். பெரியப்பா, மாமா எல்லாரையும் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது பெட்ரோல் ஊற்றுவது மாதிரி. குடிக்கிறாரா என்றும் பாருங்கள்; நோயோடு குடியும் சேர்ந்தால்தான் அடிதடிக்கு வாய்ப்பு அதிகம். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யார் மீதும் கை வைப்பதில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: எட்டு மாதம் படுத்துக் கிடந்த பையனுக்கு இரண்டே வாரத்தில் திமிர் முளைக்காது. அதற்காக அம்மா அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப் போக வேண்டியதும் இல்லை. கை ஓங்கினால் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்துவார் என்று தோன்றினால் 108-ஐ அழையுங்கள். அவ்வளவு அவசரம் இல்லாதபோது, இரவானாலும் 14416-ல் டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவையின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கம் என்றால் கேலி பேசும் ஊர் இது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். 1794-ல் தொடங்கிய அந்த அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். சம்மதிக்கும் நிலையில் அவர் இல்லாவிட்டாலும், ஆபத்து என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி டாக்டர் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம்.

தம்பி அமைதியாக இருக்கும் ஒரு மாலையில், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை டப்பாவை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.