மயிரிழைக்கு நொடிக் கணக்கு உண்டு

கேள்வி: பள்ளி விடும் நேரத்தில் எங்கள் தெருமுனையில் தினமும் யாராவது மயிரிழையில் தப்பிக்கிறார்கள். வேகத்தடை கேட்டால், "இங்கே விபத்தே பதிவாகவில்லையே" என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அடிபட்டால்தான் கணக்கு என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நீங்கள் மயிரிழை என்கிறீர்களே, அதை நொடியில் அளக்கலாம்.

இதே வேகத்தில் போனால் எத்தனை நொடியில் முட்டும் என்று பார்ப்பது ஒரு வழி. அமெரிக்காவில் ஹேவார்ட் என்ற ஆய்வாளர் 1972-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்த அளவு இருக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் பஸ் நொடிக்கு 10 மீட்டர் ஓடும். 15 மீட்டர் முன்னால் ஆட்டோ நின்றால் மீதி 1.5 நொடி. டிரைவர் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே கிட்டத்தட்ட 1 நொடி போய்விடும். அதனால்தான் 1.5-க்குக் கீழே இறங்கினால் பல ஆய்வுகளில் கடுமையானது என்று குறிக்கிறார்கள்.

குறுக்கே கடக்கும் இடத்துக்கு இன்னொரு அளவு எளிது. ஒருவர் விலகிய அதே இடத்துக்கு அடுத்த வண்டி எத்தனை நொடியில் வந்தது என்று பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு மொட்டைமாடியில் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்தேன். நொடிக்கு 30 படம். சைக்கிளின் பின்சக்கரம் வெள்ளைக்கோட்டை விட்டு விலகிய பிறகு, லாரியின் பம்பர் அங்கே வர 24 படம். அதாவது 0.8 நொடி. அந்தப் பெண் நழுவிய புத்தகப்பையைத் தோளில் இழுத்துவிட்டபடி போய்க்கொண்டிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

நொடியை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், வேகமும் வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஹைடன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய முறை இரண்டையும் சேர்த்தே கடுமையைத் தீர்மானிக்கிறது. அதே 1 நொடிதான். ஆனால் 60 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு 20-ல் வருவதைப்போல 9 மடங்கு இயக்க ஆற்றல். சாலையில் 10 மீட்டர் டேப் வைத்து அளந்து இரண்டு கோடு போடுங்கள். அதைக் கடக்க 30 படம் ஆனால் 36 கிலோமீட்டர், 18 படம் ஆனால் 60.

சரி, ஒரு வாரம் எடுங்கள், பிள்ளைகள் முகம் தெரியாத கோணத்தில். தேதி, மணி, நொடி, வேகம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். 1 நொடிக்குக் குறைந்தவற்றை மேலே எழுதி, வீடியோவோடு மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வேகத்தடை போட்ட பிறகும் அதே மாடியில் இருந்து இன்னொரு வாரம் எடுங்கள்.